நிற்றல் இலக்கணம்

பாயிரம்

ஏடிவி கிளப் என்பது காடுமேடெல்லாம் போகும் சிறு வண்டியான ஏடிவியை ஓட்டுவோரின் சங்கம் என்றே உலகம் இதுவரை நம்பி வந்திருக்கிறது. அந்த நம்பிக்கை பிழையானது என்று நிறுவுவதே இவ்வாய்வின் நோக்கம்.

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் இருக்கும் மெய்ன் மாநிலத்தில், சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் புறப்படுவதாக அறிவிக்கப்பட்ட ஒரு கிளப் சவாரியை எடுத்துக்கொள்வோம். ஒன்பது மணிக்கு யாரும் புறப்படுவதில்லை. முதலில் டயரில் காற்று பார்க்க நிற்கிறார்கள். பிறகு வராதவருக்காக நிற்கிறார்கள். அவர் வந்ததும், வந்தவர் பெட்ரோல் போட மறந்ததற்காக நிற்கிறார்கள். முதல் மைலிலேயே பாதை இரண்டாகப் பிரிகிறது, அங்கே நிற்கிறார்கள். இடையிடையே ஓட்டவும் செய்கிறார்கள், அதை மறைப்பதற்கில்லை. ஆனால் அன்றிரவு வீட்டில் சொல்லப்படும் கதைகளில் ஓடிய மைல் ஒன்றுகூட இடம்பெறுவதில்லை. நின்ற இடங்கள்தாம் கதையாகின்றன.

ஆகவே ஆய்வாளரின் துணிபு இது: ஏடிவி கிளப் என்பது கூடி நிற்பதற்காக மனிதர் கண்ட ஏற்பாடு. அடுத்து நிற்க வேண்டிய இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் கருவியே வண்டி. இத்துணிபை நம் இலக்கண ஆசிரியர் வழக்கப்படி இயல் இயலாகப் பகுத்துக்கொண்டேன். இயல்கள் அளவொத்து அமையவில்லை. சேறு ஆழமான இடத்தில் நூலும் கொஞ்சம் அதிகமாக நிற்கும்.

களம் மெய்ன் என்று கொண்டதற்குக் காரணம் உண்டு. அமெரிக்காவில் நிலப்பரப்புக்கு விகிதமாகப் பார்த்தால் காடு மிகுந்த மாநிலம் அதுதான். அந்தக் காட்டிலும் வயலிலும் 90 விழுக்காட்டுக்கு மேல் தனியாருக்குச் சொந்தம். சுமார் 6,000 மைல் ஏடிவி பாதை அங்கே இருக்கிறது என்றால், அதில் மிகப் பெரும்பகுதி யாரோ ஒருவரின் மரத்தடியிலோ வேலியோரத்திலோ போகிறது என்று பொருள். மாநிலத்தின் வடமுனையில் ஆரூஸ்டுக் கவுன்டி. நிலப்பரப்பில் கனெக்டிகட், ரோட் ஐலண்ட் என்ற இரு மாநிலங்களைச் சேர்த்தாலும் அதற்கு எட்டாது. உருளைக்கிழங்கு விளையும் பூமி. மெய்ன்காரர்கள் அதன் பெயரைச் சொல்வதில்லை; ‘தி கவுன்டி’ என்பார்கள், மற்ற பதினைந்து கவுன்டிகளும் கணக்கில் இல்லாதவை என்பது போல. இவ்வாய்வின் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் அந்த உருளைக்கிழங்கு வயல் ஓரங்களில் எடுக்கப்பட்டவை.

வண்டியியல்

வண்டியின் வரலாறே ஒரு நிற்றலில்தான் தொடங்குகிறது. 1960-களின் இறுதியில் அமெரிக்காவில் இருந்த ஹோண்டா முகவர்களுக்குக் குளிர்காலம் வந்தால் மோட்டார் சைக்கிள் வியாபாரம் நின்றுபோகும். பனியிலும் விற்கிற மாதிரி ஏதாவது செய்து கொடுங்கள் என்று ஜப்பானுக்குக் கேட்டு அனுப்பினார்கள். ஒசாமு தகேயுச்சி என்ற பொறியாளர் இரண்டு சக்கரத்திலிருந்து ஆறு சக்கரம் வரை வைத்துப் பார்த்துவிட்டு மூன்றில் வந்து நின்றார். 1970-ல் 595 டாலர் விலையில் வந்தது யுஎஸ்90. காற்றைக் குறைவாக அடைத்த உருண்டை டயர் மூன்று, அவற்றின்மேல் ஓர் இருக்கை, ஒரு கைப்பிடி. மறு ஆண்டே ‘டயமண்ட்ஸ் ஆர் ஃபாரெவர்’ படத்தில் ஜேம்ஸ் பாண்ட் அந்த இனத்து வண்டி ஒன்றில் ஏறிப் பாலைவனத்தில் தப்பித்தார். பின்னால் வந்தவருக்காக அவர் நிற்கவில்லை. எனவே அவரைக் கிளப் உறுப்பினராகக் கொள்ள இந்நூல் மறுக்கிறது.

மூன்று சக்கரம் வளைவில் கவிழும். கவிழ்ந்தவர்களில் சிறுவர்கள் நிறையப் பேர் இருந்ததால் இவ்விடத்தில் கேலிக்கு வேலை இல்லை. 1983-ம் ஆண்டு மாடலாக சுசுகி நான்கு சக்கர வண்டியைக் கொண்டுவந்தது. 1988-ல் அரசும் தயாரிப்பாளர்களும் நீதிமன்றத்தில் செய்துகொண்ட உடன்பாட்டின்படி அமெரிக்காவில் புதிய மூன்று சக்கர வண்டிகளின் விற்பனை நின்றது. அதன் பிறகு மெய்ன் கிராமங்களில் இந்த இனத்துக்கே ‘ஃபோர்வீலர்’ என்று பெயர் விழுந்துவிட்டது.

இனி டயர். காரின் டயரில் சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டுக்கு மேல் காற்று இருக்கும். ஃபோர்வீலர் டயரில் 5 பவுண்டை ஒட்டித்தான் இருக்கும். அழுத்தம் குறைவு என்பதால் டயர் தரையில் அகலமாகப் பரவி உட்காருகிறது. வண்டியின் எடை ஓரிடத்தில் குத்தாமல் பரந்து இறங்குகிறது. கார் புதையும் ஈரத்திலும் அது மிதந்து போகிறது. இதுவரை பொறியியல். இதிலிருந்து பிறக்கும் சமூகவியலை எந்தப் பொறியாளரும் எழுதவில்லை. பெட்ரோல் நிலையத்துக் காற்றளவி 5 பவுண்டைச் சரியாகக் காட்டாது. குறைந்த அழுத்தத்துக்கென்றே தனிக் காற்றளவி வேண்டும். அதை ஒவ்வொருவரும் ஒரு தடவை வாங்கியிருக்கிறார்கள், ஒவ்வொருவரும் ஒரு தடவை தொலைத்திருக்கிறார்கள். எந்த ஒரு நாளிலும் கிளப்பில் வேலை செய்கிற காற்றளவி ஒன்றே ஒன்றுதான் இருக்கும். அதை வைத்திருப்பவர் பதவி எதுவும் இல்லாதவர். ஆனால் அவர் வராமல் சவாரி கிளம்பாது.

வேகம் கொடுப்பது வலது கட்டைவிரலால். மோட்டார் சைக்கிளில் போல முறுக்கும் பிடி வைத்தால், மேட்டில் ஏறும்போது உடம்பு பின்னுக்குச் சாய, கை தானாக முறுக்கி வண்டி பாய்ந்துவிடும். அதனால் விரலால் அமுக்கும் நெம்புகோல். நாள் முழுக்க அமுக்கினால் கட்டைவிரல் வலிக்கும். “கொஞ்சம் நிறுத்துவோமா, விரல் வலிக்குது” என்று யார் சொன்னாலும் இதுவரை யாரும் மறுத்துப் பேசியதாக ஆய்வாளர் அறியவில்லை.

அருகருகே அமர்ந்து, ஸ்டியரிங் பிடித்து, பெல்ட் கட்டி ஓட்டும் ‘சைட்-பை-சைட்’ வண்டிகள் வந்ததிலிருந்து கிளப்புகளில் இரு சமயங்கள் தோன்றியுள்ளன. ஃபோர்வீலர் சமயத்தார் மற்றவர்களைப் பார்த்து, “கூரை இருக்கு, ஹீட்டர் இருக்கு, வீட்டுலயே இருந்திருக்கலாமே” என்பர். சைட்-பை-சைட் சமயத்தார் விடையாகத் தம் முழங்காலைத் தட்டிக் காட்டுவர். வாதம் அத்துடன் முடியும். முழங்காலுக்கு எதிர்வாதம் கிடையாது. வண்டிகள் பெருத்துக்கொண்டே போனதால் அண்மை ஆண்டுகளில் மெய்ன் சட்டமே தலையிட்டு, பாதையில் வரும் புது வண்டிக்கு அகலம் 65 அங்குலம், எடை 2,000 பவுண்டு என்று எல்லை கட்டியிருக்கிறது. ஓட்டுபவரின் எடைக்கு எல்லை இல்லை.

விரலியல்

எதிரே ஒரு கூட்டம் வருகிறது. பாதையோ ஒரு வண்டிக்கு மேல் கொள்ளாது. வளைவுக்கு அப்பால் என்ன என்று தெரியாது. முன்னால் வருபவர் இடக்கையைத் தூக்கி மூன்று விரல் காட்டுகிறார். எனக்குப் பின்னால் இன்னும் மூவர் வருகிறார்கள், ஒதுங்கியே நில் என்று பொருள். அடுத்தவர் இரண்டு விரல், அதற்கடுத்தவர் ஒன்று. கடைசி ஆள் விரல்களை மடக்கி முட்டியைக் காட்டுவார். இனி யாரும் இல்லை, போகலாம். சுழியத்தை முட்டியால் எழுதும் இம்மரபு மெய்னுக்கு மட்டும் உரியதன்று, பனிவண்டிக்காரர்களும் கைக்கொள்வது. ஏன் இடக்கை என்ற வினாவுக்கு விடை முந்தைய இயலிலேயே உண்டு. வலக்கை கட்டைவிரல் வேலையில் இருக்கிறது.

குறியீட்டின் இலக்கணம் எளிது. சிக்கல் ஐந்துக்கு மேல் தொடங்குகிறது. பின்னால் பதினான்கு பேர் வந்தால் முன்னோடி என்ன காட்டுவார்? ஐந்து விரலையும் விரித்துக் காட்டுவார். இரண்டாம் ஆளும் ஐந்துதான் காட்டுவார். மூன்றாம் ஆளும் அதுவே. எதிரில் நிற்பவர் எண்ணுவதை விட்டுவிட்டு எஞ்சினை அணைத்து, ஹெல்மெட்டைக் கழற்றி, பையிலிருந்து சாண்ட்விச்சை எடுத்துவிடுவார். ‘பல’ என்ற எண்ணுக்கு இதைவிடத் தெளிவான குறியீடு கணிதத்தில் இல்லை.

எல்லோரும் குறியைச் சரியாகக் காட்டுவதும் இல்லை. நடுவில் ஒருவர் வண்டி பழுதாகிப் பின்தங்கினால், அவருக்கு முன்னால் போனவர்கள் காட்டிய எண்ணெல்லாம் பொய்யாகிவிடும். ஒதுங்கி நிற்பவர் இன்னும் வராத இரண்டு பேருக்காகக் கால் மணி நேரம் புதரோரம் காத்திருப்பார். அவர்கள் கற்பனை மனிதர்கள் அல்லர், நாலு மைல் பின்னால் வண்டியின் ரப்பர் பெல்ட்டை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

கூட்டத்துக்குள் இன்னொரு விதி. பாதை பிரியும் ஒவ்வொரு இடத்திலும், உனக்குப் பின்னால் வருபவர் உன்னைக் கண்ணால் பார்க்கும்வரை நில், பார்த்ததும் போ. ஒவ்வொருவரும் தமக்கு அடுத்தவரை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும், இருபது பேரும் தொலையமாட்டார்கள். கைபேசி அலைவரிசை எட்டாத வடமெய்ன் காடுகளில் இந்த விதி எந்தக் கருவியையும்விட நன்றாக வேலை செய்கிறது. கடைசி வண்டிக்கு ‘ஸ்வீப்’ என்று பெயர். நிதானமும் கருவிப் பெட்டியும் உள்ளவரைத்தான் அங்கே போடுவார்கள். நாள் முழுக்கத் தூசியை விழுங்கிக்கொண்டு, பழுதான ஒவ்வொரு வண்டியிடமும் நிற்பவர் அவர். கிளப்பின் தலைவரை எல்லோருக்கும் தெரியும். ஸ்வீப்பைத்தான் எல்லோருக்கும் பிடிக்கும்.

குதிரைக்கு விரல் காட்டிப் பயனில்லை. குதிரை வந்தால் ஓரம் கட்டு, எஞ்சினை அணை, ஹெல்மெட்டைக் கழற்று, வாய் திறந்து பேசு. குதிரைக்குப் பயம் தெளிவது பேச்சுக் குரல் கேட்டால்தான். அது வரை தலையில்லாத ஏதோ பூதம் நிற்கிறது என்றே நினைக்கும். என்ன பேசுவது என்று வழிகாட்டிகள் எதுவும் சொல்வதில்லை. வானிலை பற்றிப் பேசுவதே பெருவழக்கு.

சேற்றியல்

சேறு இருவகைப்படும்: பார்த்துவிட்டு இறங்கும் சேறு, இறங்கிவிட்டுப் பார்க்கும் சேறு. சிக்குதல் மூவகைப்படும்: தானே சிக்குதல், சிக்கியவரை மீட்கப் போய்ச் சிக்குதல், “அவர் எப்படிச் சிக்கினார் தெரியுமா” என்று ஓட்டிக் காட்டப் போய்ச் சிக்குதல். மூன்றாவது அரிது, ஆனால் நீண்ட நாள் நினைவில் நிற்பது.

வண்டி சிக்கியவுடன் நடப்பதை அணு அணுவாகக் கவனிக்க வேண்டும். ஓட்டுபவர் முதலில் கட்டைவிரலை இன்னும் அமுக்குகிறார். சக்கரம் சுழன்று தனக்குத்தானே குழி தோண்டிக்கொள்கிறது. எல்லா மூலைகளிலிருந்தும் ஆட்கள் வந்து சேர்கிறார்கள். ஒருவர் பின்னால் வா என்கிறார், ஒருவர் முன்னால் போ என்கிறார், ஒருவர் படம் எடுக்கிறார். சேற்றில் இறங்கித் தள்ளத் தயாராக இருப்பவர் ஒருவர்தான். அவர் புது உறுப்பினர், புது பூட்ஸ் போட்டிருப்பார்.

தண்ணீர் ஆழமானால் விளையாட்டு மாறிவிடும். காற்று இழுக்கும் குழாய் வழியாக எஞ்சினுக்குள் தண்ணீர் போனால், பிஸ்டன் அதை நசுக்கப் பார்க்கும். காற்று நசுங்கும், தண்ணீர் நசுங்காது. வளைவது கனெக்டிங் ராடு. பெல்ட்டில் ஓடும் கியர் பெட்டியில் ஈரம் புகுந்தாலோ, ரப்பர் பெல்ட் வழுக்கிச் சூடேறிக் கருகும். அந்த நெடி காற்றில் வந்ததும் கூட்டத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் தம் வண்டியைக் குனிந்து முகர்ந்து பார்ப்பர். பிறகு கருகியது யாருடையது என்று தெரிந்ததும் பல முகங்களில் ஒரு நிம்மதி பரவும். இந்த நிம்மதியைக் கொடுமை என்று கொள்ளற்க. அடுத்த நிமிடமே ஒருவர் தம் மாற்று பெல்ட்டை எடுத்து நீட்டுவார், அளவு பொருந்தாது, இன்னொருவர் நீட்டுவார்.

பிறகு வின்ச். வண்டியின் மூக்கில் பொருத்திய, கயிறு சுற்றும் மின் உருளை. 2,500 பவுண்டு இழுக்கும், 3,500 பவுண்டு இழுக்கும் என்று பெட்டிமேல் போட்டிருக்கும். அந்த எண் உருளையில் கயிறு ஒரே ஒரு சுற்று அடுக்கு இருக்கும்போது இழுக்கும் வலுவைக் குறிக்கும். அடுக்கு மேல் அடுக்காகக் கயிறு ஏற ஏற உருளையின் விட்டம் பெருத்து இழுவை குறையும். பெரும்பாலானோர் பக்கத்திலேயே இருக்கும் மரத்தைப் பார்த்துக் கட்டுவதால் கயிறு உருளையிலேயே தங்கிவிடுகிறது, வலு போதாமல் போகிறது. தூரத்து மரத்தில் கட்டினால் கூடுதல் வலு கிடைக்கும். கயிற்றை ஒரு கப்பியில் கோத்துத் திரும்ப வண்டியிலேயே மாட்டினால் ஏறக்குறைய இரட்டிப்பாகும். மரப்பட்டை அறுபடாமல் இருக்க அகலமான நாடாவைச் சுற்றிக் கட்ட வேண்டும். ஏனென்றால் அந்த மரமும் யாரோ ஒருவருடையது. இதை அடுத்த இயல் விரித்துரைக்கும்.

வின்ச் இல்லாதவர் சேற்றைத் தேடிப் போகிறார், வின்ச் உள்ளவர் சேற்றில் சிக்கியவரைத் தேடிப் போகிறார். இருவரில் யாருக்கு மகிழ்ச்சி அதிகம் என்பது ஆய்வாளர்களிடையே இன்னும் தீராத வழக்கு. புது வின்ச் வாங்கியவர் முதல் சவாரியில் காட்டும் பொறுமையின்மை கண்கூடு. யாருமே சிக்காமல் பிற்பகல் ஆகிவிட்டால் அவர் முகம் வாடிவிடும். அப்போது கூட்டத்தில் இரக்கமுள்ள ஒருவர் வேண்டுமென்றே பள்ளத்தில் இறங்குவார். இதை நட்பு என்று சொல்வதைத் தவிர வேறு சொல் இல்லை.

சேற்றின் ஊற்றுக்கண் எது என்று ஆராய்ந்தால், ஓடையில் அணை கட்டும் விலங்கான பீவரில் போய் முடிகிறது. பாதைக்கு அடியில் ஓடையை விடக் கிளப் குழாய் பதிக்கிறது. குழாயில் தண்ணீர் சலசலக்கிறது. ஓடும் நீரின் ஓசை பீவரை வேலைக்குக் கூப்பிடும் மணி. ஒலிபெருக்கியில் அந்த ஓசையைப் போட்டாலே அதன்மேல் குச்சி அடுக்கும் என்று ஸ்வீடனில் லார்ஸ் வில்சன் என்ற ஆய்வாளர் காட்டியிருக்கிறார். இரவோடு இரவாகக் குழாய் அடைபடும், பாதை குளமாகும். கிளப் மண்வெட்டியோடு வந்து திறந்துவிடும், மறுபடி சலசலக்கும், மறுபடி அடைபடும். வேலிபோல் சட்டம் கட்டிக் குழாய் வாயிலிருந்து பீவரைத் தூரத்திலேயே நிறுத்தும் ஓர் ஏற்பாடு உண்டு. ‘பீவர் டிசீவர்’ என்று பெயர். அதுவும் இதே மெய்னில், பெனாப்ஸ்காட் பழங்குடியினரின் நிலத்தில் உருவானதுதான். எல்லாக் குழாய்க்கும் அது வைக்கப் பணமில்லை. ஆதலால் எந்தக் கிளப்பின் மாதாந்திரக் கூட்டத்திலும் வருகைப் பதிவில் இல்லாத ஓர் உறுப்பினர் உண்டு. தீர்மானங்களில் பாதி அவரைப் பற்றியவை.

வரப்பியல்

பாதை கிளப்புக்குச் சொந்தமில்லை. மாநிலத்துக்கும் பெரும்பாலும் சொந்தமில்லை. உருளைக்கிழங்கு விவசாயி, காகித ஆலைக்கு மரம் விற்கும் காட்டுக்காரர், வயதான விதவை, பாஸ்டனில் இருந்துகொண்டு இங்கே நாற்பது ஏக்கர் வாங்கிப்போட்டவர் என்று பலரின் ‘சரி’யால் தைத்த வழி அது. ஒருவர் ‘இல்லை’ என்றால் தையல் அங்கே பிரியும். இருபது மைல் பாதை இரண்டு துண்டாகி, எந்தத் துண்டும் எங்கேயும் போய்ச் சேராது. அனுமதியை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை.

நிலக்காரருக்குச் சட்டம் கொஞ்சம் கவசம் கொடுத்திருக்கிறது. கட்டணம் வாங்காமல் பிறரைத் தம் நிலத்தில் பொழுதுபோக்க விடும் உடைமையாளர், அங்கே யாராவது விழுந்து அடிபட்டால் பொதுவாகப் பொறுப்பேற்க வேண்டியதில்லை என்கிறது மெய்ன் சட்டம். ஆகவே பயத்தால் யாரும் பாதையை மூடுவதில்லை. கோபத்தால் மூடுகிறார்கள். விதைத்த வயலில் யாரோ ஒருவன் குறுக்கே ஓட்டினான், வாசல் கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போனான், சைலன்சரைக் கழற்றிவிட்டு விடியற்காலையில் ஜன்னலோரம் உறுமினான். அந்த ஒருவன் எப்போதும் கிளப்பில் இல்லாதவன், எப்போதும் வேறு ஊர்க்காரன். இது எல்லாக் கிளப்புகளும் ஒருமுகமாகச் சொல்வது. அப்படியானால் அந்த வேறு ஊர்க் கிளப்பும் இதையே சொல்கிறதே என்று கேட்டால் பேச்சு வானிலைக்குத் திரும்பும்.

எனவே கிளப்பின் மிக முக்கியமான நிற்றல் காட்டில் நடப்பதில்லை. வசந்த காலத்தில், பனி உருகி ஊரெல்லாம் சேறாகி, மே நடுவரை பாதைகள் மூடிக்கிடக்கும் காலத்தில், விவசாயியின் களஞ்சிய வாசலில் நடக்கிறது. பாதைப் பொறுப்பாளர் பிக்அப்பை நிறுத்திவிட்டு இறங்குகிறார். வந்த காரியத்தை உடனே சொல்வது பெருங்குற்றம்.

“என்ன, விதைக்கிழங்கு வந்திடுச்சா?”

“வந்திருக்கு. மண்ணுதான் இன்னும் காயலை.”

“உங்க டிராக்டர் போன தடவை மக்கர் பண்ணிச்சே?”

“இன்னும் பண்ணிட்டுத்தான் இருக்கு.”

இருவரும் டிராக்டரின் அருகே போய் நிற்கிறார்கள். நீண்ட நேரம் பார்க்கிறார்கள். கைகள் பையில். இறுதியில் விவசாயியே, “கிழக்கு வரப்புல போற வழியை இந்தத் தடவை கொஞ்சம் தள்ளிப் போட்டுக்குங்க. அங்கே பயிர் வைக்கப் போறேன்” என்கிறார். வழி கொடுத்தாயிற்று. கேட்கவே இல்லை. உலகத் தூதரகங்கள் இந்த முறையைப் பயில வேண்டும் என்று பரிந்துரைக்கலாம். ஆனால் அங்கெல்லாம் டிராக்டர் கிடைக்காது.

வரப்பு நகர்ந்தால் கிளப் வார இறுதியில் போய்ப் பலகைகளைப் பிடுங்கிப் புது இடத்தில் நடும். சங்கிலி ரம்பத்தோடு விழுந்த மரங்களை அறுக்கும்; பழைய மின்கம்பங்களைப் போட்டுப் பாலம் கட்டும்; குப்பை பொறுக்கும், அது கிளப் போட்டதா இல்லையா என்று பாராமல். வண்டிப் பதிவுக் கட்டணத்திலிருந்து மாநிலம் பாதைப் பராமரிப்புக்கு மானியம் தருகிறது. அதற்கு யார் எத்தனை மணி நேரம் உழைத்தார் என்று கணக்கு எழுத வேண்டும். சங்கிலி ரம்பம் ஓடிய நேரமும், அது கிளம்ப மறுத்ததால் எல்லோரும் அதைச் சுற்றி நின்ற நேரமும் அக்கணக்கில் வேறுபடுத்தப்படுவதில்லை. ஆய்வாளரின் துணிபுக்கு அரசு ஆவணமே சான்று.

பாதை திறக்கும் மே நடு என்பது கருப்பு ஈயும் வரும் காலம். அன்னையர் தினத்தில் தொடங்கித் தந்தையர் தினம்வரை அதன் ஆட்சி என்பார்கள். ஓடும் வண்டியை அந்த ஈ எட்டாது. நின்ற வண்டியை எட்டும். நின்றே தீர வேண்டிய ஒரு சமூகத்துக்கு இயற்கை வைத்த சோதனை இது. அவர்கள் கழுத்தில் அறைந்துகொண்டே நிற்கிறார்கள்.

புறனடையாக ஒன்று. பேங்கர் அண்ட் ஆரூஸ்டுக் ரயில்பாதையில் கைவிடப்பட்ட தடங்களைப் பெயர்த்தெடுத்து இப்போது பாதையாக்கியிருக்கிறார்கள். நேர்க்கோடு, மேடில்லை, பள்ளமில்லை, சேறில்லை. ஹோல்ட்டனிலிருந்து பிரெஸ்க் ஐல் பக்கம் வரை ஒரே மூச்சில் போகலாம். இலக்கணப்படி இது ஏடிவி சவாரியே அன்று. கூட்டம் இதில் கொஞ்ச தூரம் போனதும் நெளியத் தொடங்குகிறது. யாருக்கோ கையுறை விழுந்துவிடுகிறது, யாருக்கோ மூஸ் மான் தெரிந்தது போலிருக்கிறது. எல்லோரும் நிற்கிறார்கள். மூஸ் இல்லை. யாரும் வருத்தப்படவில்லை.

சீட்டியல்

நிதி திரட்ட ‘போக்கர் ரன்’ நடத்துவார்கள். பாதையில் ஐந்து இடங்களில் மேசை. ஒவ்வொன்றிலும் நின்று ஒரு சீட்டு உருவ வேண்டும். ஐந்தும் சேர்ந்ததும் எவர் கை பெரிதோ அவருக்குப் பரிசு. வேகமாக வந்தவருக்கு எந்த அனுகூலமும் இல்லை. மோட்டார் பந்தய வரலாற்றில் வேகத்தை இவ்வளவு முழுமையாக அவமதித்த வேறொரு போட்டி இல்லை.

இதில் கணிதக் குழப்பம் ஒன்று உண்டு. வீட்டில் ஆடும் போக்கரில் ஒரே கட்டு. இங்கே ஒவ்வொரு மேசையிலும் தனித்தனி முழுக் கட்டு. ஆகவே ஒருவர் கையில் ஐந்து ராஜாக்கள் வரலாம், ஐந்தும் ஸ்பேடு ராஜாவாகவே கூட. ஐந்தும் ஒரே எண்ணாக அமையும் வாய்ப்பு 28,561-ல் ஒன்று. ஒரே இனத்தில் வரிசையாக ஐந்து சீட்டு அமையும் வாய்ப்பு ஏறத்தாழ 79,209-ல் ஒன்று. அதாவது இரண்டாவதுதான் அரிது. ஆனால் ஐந்து ராஜாக்களோடு வந்து நிற்பவரிடம் இதை விளக்கிப் பரிசை வேறொருவருக்குக் கொடுக்கும் துணிவு எந்தப் பொருளாளருக்கும் வராது. நடைமுறையில் இந்தச் சிக்கல் எழாததற்குக் காரணம், வென்றவர் வழக்கமாக இரண்டு ஜோடி வைத்திருப்பவர். தோற்றவர்கள் எல்லோரும், “நாலாவது மேசையில மட்டும் ஒரு ஒன்பது வந்திருந்தா” என்று பேசிக்கொண்டே சாப்பாட்டு வரிசையில் நிற்கிறார்கள்.

சாப்பாடு பற்றித் தனி இயல் எழுதலாம்; பசி அனுமதிக்கவில்லை. மண்பானையில் ராத்திரி முழுக்க வெந்த பீன்ஸ், சாயமேற்றிய சிவப்பு ஹாட்டாக், மெய்ன் சட்டமன்றம் 2011-ல் மாநிலத் தின்பண்டமாகவே அறிவித்த ஹூப்பி பை. வடக்கே செயின்ட் ஜான் பள்ளத்தாக்கில், பிரெஞ்சு பேசும் அகேடியர் ஊர்களில், ‘ப்ளோய்’ கிடைக்கும். கோதுமை என்று பெயரளவில் மட்டும் சொல்லப்படும் பக்வீட் தானிய மாவைக் கரைத்து ஊற்றி, ஒரே பக்கம் வேகவைத்து, திருப்பாமல் எடுப்பது; மேலெல்லாம் கண் கண்ணாய் நம் ஆப்பம் மாதிரி. வெண்ணெய் தடவிச் சுருட்டி, நின்றுகொண்டே தின்பது.

கூட்டவியல்

மாதம் ஒருமுறை கிளப் கூடுகிறது. தீயணைப்பு நிலையத்திலோ பழைய விவசாயிகள் சங்க மண்டபத்திலோ, மடக்கு நாற்காலிகளில். கொடிக்கு வணக்கம் சொல்லி, சென்ற மாத நடவடிக்கைக் குறிப்பு வாசித்து, பொருளாளர் அறிக்கை, பழைய விவகாரம், புதிய விவகாரம். முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர். இந்த முறைகளை ஹென்றி மார்ட்டின் ராபர்ட் என்ற ராணுவப் பொறியாளர் 1876-ல் நூலாக எழுதினார். ஒரு தேவாலயக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கி, அது கைமீறிப் போனதைப் பார்த்துவிட்டு எழுதியது. அணை கட்டுவதும் துறைமுகம் ஆழப்படுத்துவதும் அவர் தொழில். பீவர் பற்றிய விவாதத்தை அவர் கேட்டிருந்தால் ரசித்திருப்பார்.

பேசப்படும் பொருள்களை ஓரளவு முன்கூட்டியே சொல்லிவிடலாம். குழாய் வாங்க வேண்டும். பெரிய குழாயா சிறிய குழாயா? போன தடவை சிறியது வாங்கியதுதானே அடைத்தது? போன தடவை பெரியதுதானே வாங்கினோம்? செயலாளர் நோட்டைப் புரட்டுகிறார். போன தடவை ‘பொருத்தமான குழாய் வாங்குவது’ என்று தீர்மானம் ஆகியிருக்கிறது. அதை வழிமொழிந்தவர் தாம் என்று அறிந்து ஒருவர் வெளியே பார்க்கிறார். இதற்கிடையே பின்வரிசையில் லாட்டரிச் சீட்டு விற்கப்படுகிறது. வசூலில் பாதி வென்றவருக்கு, பாதி கிளப்புக்கு. வென்றவர் தம் பாதியையும் கிளப்புக்கே கொடுத்துவிடுவது ஓர் எழுதாத மரபு. அதனால் எல்லோரும் தாம் வெல்லக் கூடாதென்று வேண்டிக்கொண்டே சீட்டு வாங்குகிறார்கள்.

கூட்டத்துக்கு ஆள் அதிகம் வருவது ஏப்ரலில். பாதை மூடிக்கிடக்கும் மாதம் என்பதால். ஜூலையில் பத்துப் பேர் கூட வரமாட்டார்கள், எல்லோரும் வெளியே ஓட்டிக்கொண்டு, அதாவது எங்கேயோ நின்றுகொண்டு இருப்பார்கள். பனி விழுந்ததும் அதே பாதைகளில் பல பனிவண்டிப் பாதைகளாகிவிடும். அதே மண்டபம், அதே நாற்காலி, பனிவண்டிக் கிளப் என்று வேறு பெயர். ஏடிவி கிளப்பின் தலைவர் இங்கே பொருளாளர். அங்கே செயலாளராக இருந்தவர் இங்கே தலைவர். ஒரு கிளப் மற்ற கிளப்புக்கு, கோடையில் பாலத்தைச் சேதப்படுத்தியதாகக் கண்டனக் கடிதம் எழுதும். எழுதியவரே அடுத்த வாரம் அதைப் பெற்று, வாசித்து, பதில் வரைவார். இரு கடிதங்களும் மரியாதையாகவே இருக்கும்.

கூட்டம் முடிந்து விளக்கணைத்த பின் யாரும் வீட்டுக்குப் போவதில்லை. பூஜ்ஜியத்துக்குக் கீழே போன குளிரில், பிக்அப்புகளின் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, மண்டபத்து வாசலில் வட்டமாக நிற்கிறார்கள். இரண்டு மணி நேரம் உள்ளே தீராத குழாய் விவகாரம் இங்கே பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடுகிறது. ஒருவர் தம் களஞ்சியத்தில் 24 அங்குலக் குழாய் ஒன்று சும்மா கிடக்கிறது என்கிறார். இன்னொருவரிடம் டிராக்டர். ஞாயிறு காலை, எல்லோரும் சரி. ஆனால் செயலாளரின் நோட்டு உள்ளே வைத்துப் பூட்டப்பட்டுவிட்டது. ஆகவே குழாய் பதித்து முடிந்த பிறகும், அடுத்த மாதக் கூட்டத்தில் அதை வாங்கலாமா என்று விவாதம் தொடரும்.